வாடிய சோயா நிமிர்வது எப்படி?

குட்டீஸ், விடுமுறைக்கு நான்கு நாள் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறீர்கள். வாசலில் நீங்கள் ஆசை ஆசையாக வளர்த்த காசித்தும்பைச் செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. "ஐயோ, செத்துப் போச்சே!" என்று பதறிப் போய் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறீர்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால், அந்தச் செடி ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நிற்கிறது!

இது எப்படி? தண்ணீர் இல்லாத அந்த நான்கு நாட்களில் செடி என்ன செய்தது? தண்ணீர் வந்ததும் அதற்குள் என்ன நடந்தது? சில செடிகள் எழுந்து நிற்க, சில செடிகள் எவ்வளவு ஊற்றினாலும் எழாமல் போவது ஏன்?

இந்தக் கேள்விகளுக்கு நமக்குப் பதில் சொல்லப்போகிறது ஒரு செடி. அதன் பெயர் சோயா மொச்சை. யார் அது என்று விழிக்காதீர்கள். பிரியாணியில் பஞ்சு பஞ்சாக வருமே, மீல் மேக்கர்... அது சோயா மாவில் செய்வதுதான்!

மழையை நம்பி ஒரு செடி

சோயாவின் பூர்வீகம் சீனா. பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கே பயிர் செய்து வருகிறார்கள். இதன் விதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 40 கிராம் புரதம், 20 கிராம் எண்ணெய். நம் துவரை, உளுந்து, தட்டைப்பயறு எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான். எல்லாமே பயறு வகைக் குடும்பம்.

நம் நாட்டில் சோயா அதிகம் விளையும் இடம் மத்தியப் பிரதேசம். மகாராஷ்டிரத்திலும் ராஜஸ்தானிலும்கூட நிறைய விளைகிறது. மத்தியப் பிரதேசத்தின் மேற்கே இந்தூர், உஜ்ஜைன் நகரங்களைச் சுற்றியுள்ள பகுதிக்கு மாளவம் என்று பெயர். நம் கோவில்பட்டிப் பக்கம் இருப்பது போலவே அங்கேயும் கரிசல் மண். ஜூன் கடைசியில் பருவமழை தொடங்கியதும் விதைப்பார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பூக்கும். பிறகு காய் பிடிக்கும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடை. நூறு நாள் பயிர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த நூறு நாளும் பெரும்பாலான வயல்களில் வாய்க்கால் தண்ணீர் கிடையாது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் என்ன ஆனது தெரியுமா? மழை காணாமல் போய்விட்டது! 1901-ஆம் ஆண்டு முதல் உள்ள கணக்குப்படி, இந்தியாவில் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் மாதம் வந்ததே இல்லை. நாடு முழுவதும் சேர்த்து, வழக்கமாகப் பெய்வதைவிட 36 சதவீதம் குறைவு. சரியாகச் சோயா பூத்துக் காய்க்கும் நேரம்! விவசாயிகள் காலையில் எழுந்து வானத்தைப் பார்ப்பார்கள். பிறகு வயலைப் பார்ப்பார்கள். செப்டம்பரில்தான் மழை திரும்ப வந்தது.

அந்த மழை வந்தபோது சோயா நிமிர்ந்ததா? இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு புதிர்.

நீங்கள்தான் அந்த வயலின் சொந்தக்காரர். உங்கள் கிணற்றில் வயலுக்கு ஒரே ஒரு முறை பாய்ச்சத்தான் தண்ணீர் இருக்கிறது. எப்போது பாய்ச்சுவீர்கள்?

(அ) செடி சின்னதாக, இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும்போது.
(ஆ) பூக்கத் தொடங்கும்போது.
(இ) காய்க்குள் மணி பிடிக்கும்போது.

மனதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடை கடைசியில். இப்போது செடிக்குள் போவோமா?

வாய் திறந்தால் தாகம், மூடினால் பசி!

சோயா இலையைப் பூதக்கண்ணாடியைவிடச் சக்தி வாய்ந்த நுண்ணோக்கியில் பார்த்தால், குட்டிக் குட்டி வாய்கள் தெரியும். இவைதான் இலைத்துளைகள். ஒரு குண்டூசித் தலை அளவு இடத்தில் நூற்றுக்கும் மேல் இருக்கும். இலையின் மேல்பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கத்தில் அதிகம்.

செடி தன் சாப்பாட்டைத் தானே சமைக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சமையலுக்கு வேண்டியவை மூன்று: சூரிய ஒளி, தண்ணீர், கரியமில வாயு. இந்தக் கரியமில வாயு உள்ளே நுழைவது இந்த வாய் வழியாகத்தான். ஆனால், வாயைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடிவிடும். ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் சில நூறு தண்ணீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடும். எவ்வளவு நஷ்டமான வியாபாரம் பார்த்தீர்களா!

வேர் உறிஞ்சும் தண்ணீரில் 100 பங்குக்கு 97 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகித்தான் போகிறது. மீதி இரண்டு மூன்று பங்கில்தான் செடி வளர்கிறது. அப்படிப் போகும் தண்ணீரும் முழுக்க வீண் இல்லை. நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்கிறதே, அது போல இலையையும் குளிர வைக்கிறது. கீழே இருந்து தண்ணீரையும் உப்புகளையும் மேலே இழுப்பதும் அதுதான்.

மழை பெய்யும் வரை கவலை இல்லை. மண் காய்ந்தால்தான் சிக்கல். வாயைத் திறந்தால் தாகத்தில் சாக வேண்டும். மூடினால் பசியில் வாட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வறட்சிக் காலம் முழுக்கச் சோயா தத்தளிக்கிறது.

அவசரச் செய்தி!

மண் காய்வது முதலில் யாருக்குத் தெரியும்? வேருக்கு. உடனே செடிக்குள் ஒரு வேதிப்பொருள் உருவாகிறது. அதன் பெயர் அப்சிசிக் அமிலம். வேரிலும் உருவாகும், இலையிலும் உருவாகும். இதை ஒரு தந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். "தண்ணீர் தட்டுப்பாடு. கதவை மூடு!" இதுதான் செய்தி.

ஒவ்வொரு இலைத்துளைக்கும் இரண்டு பக்கமும் இரண்டு காப்பு செல்கள் காவல்காரர்கள் போல நிற்கின்றன. அவற்றுக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால், ஊதிய பலூன் போல வளைந்து நிற்கும். நடுவில் வழி திறந்திருக்கும். தந்தி வந்ததும் காப்பு செல்கள் தம்மிடம் உள்ள பொட்டாசியம் உப்பை வெளியே விடுகின்றன. உப்பின் பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும். காற்று இறங்கிய பலூன் போலத் தளர்ந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். கதவு மூடியாயிற்று!

ஒரேயடியாகப் பூட்டிவிடுவதும் இல்லை. காலையில் வெயில் குறைவாக இருக்கும்போது கொஞ்சம் திறந்து சமைக்கும். உச்சி வெயிலில் நன்றாகச் சாத்திவிடும். நம் ஊரில் மத்தியான வெயிலில் கடையைச் சாத்திவிட்டுச் சாயங்காலம் திறப்பார்களே, அது போலத்தான்.

வெள்ளியாக மாறும் வயல்

அடுத்து சோயா செய்யும் வேலை இன்னும் வேடிக்கையானது. பச்சைப் பசேல் என்று இருந்த வயல், வறட்சி வந்த ஒரு நண்பகலில் வெள்ளிப் பூச்சு பூசியது போல வெளிறித் தெரியும். நோய் வந்துவிட்டதோ என்று பயந்துவிட வேண்டாம். சோயா தன் இலைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறது!

சோயாவுக்கு ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சின்ன வீக்கம் போல ஒரு மூட்டு இருக்கும். அதற்குப் புல்வினஸ் என்று பெயர். இந்த மூட்டின் ஒரு பக்கத்தில் தண்ணீர் கூடி, மறுபக்கத்தில் குறைந்தால் இலை திரும்பும். நல்ல நாளில் வெயிலை வாங்க இலை அகலமாக விரிந்திருக்கும். வறட்சியில் இலையின் விளிம்பு சூரியனைப் பார்ப்பது போலத் திரும்பிவிடும். அல்லது குப்புறப் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டும். வெயில் குறைவாகப் படும். பட்டதிலும் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். இலை சூடாவது குறையும். குடை இல்லாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பது போல!

இந்த மூட்டை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். தொட்டாற்சுருங்கியைத் தொட்டதும் மூடிக்கொள்கிறதே, அதுவும் இதே மூட்டின் வேலைதான். சாயங்காலம் ஆனதும் தூங்குமூஞ்சி மரம் இலையை மூடுவதும், புளிய மரத்து இலை கூம்புவதும் இதனால்தான். இவை எல்லாமே சோயாவின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கீழே ஒரு தேடல்

மேலே கதவைச் சாத்திவிட்டு, கீழே சோயா சும்மா இருப்பதில்லை. இலையும் தண்டும் வளர்வதை நிறுத்திவிட்டு, இருக்கிற கொஞ்சம் சாப்பாட்டை வேருக்கு அனுப்புகிறது. மேல் மண் காய்ந்தாலும் ஆழத்தில் ஈரம் இருக்குமே! கரிசல் மண் தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். சோயா வேர் நல்ல மண்ணில் ஒரு மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போகும்.

ஆனால், கரிசலுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் சில வேர்கள் அறுந்துபோகும். வெடிப்பு வழியாக அடி ஈரமும் ஆவியாகும். அதனால் இது நேரத்தோடு நடக்கும் ஓட்டப்பந்தயம்.

அதே நேரத்தில் செல்களுக்குள் சர்க்கரையையும் புரோலின் என்ற பொருளையும் சோயா சேர்த்துக்கொள்கிறது. எதற்கு? உப்புப் போட்ட மாங்காய்த் துண்டிலிருந்து தண்ணீர் வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். கரைபொருள் அதிகம் உள்ள பக்கத்துக்குத் தண்ணீர் ஓடும். இங்கே செடி தனக்குள்ளேயே கரைபொருளைச் சேர்த்துக்கொண்டு, இருக்கிற தண்ணீர் தன்னை விட்டுப் போகாமல் பிடித்து வைக்கிறது.

முதலில் மூடும் தொழிற்சாலை

சோயா செடியைப் பிடுங்கினால் வேரில் மிளகு மிளகாக முடிச்சுகள் தெரியும். பூச்சி அரித்தது அல்ல. உள்ளே பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிச் செடிக்குக் கொடுக்கும் தொழிற்சாலை அது. பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். இரண்டு பேருக்கும் லாபம்.

வறட்சி வந்தால் இந்தத் தொழிற்சாலைதான் முதலில் படுத்துவிடும். பல சோயா ரகங்களில், இலை சமைப்பது குறைவதற்கு முன்னாலேயே வேர் முடிச்சுகள் வேலையைக் குறைத்துவிடுகின்றன. புரதம் செய்ய நைட்ரஜன் வேண்டும். சோயாவின் பெருமையே புரதம்தானே! வெளியே இலை வாடுவதற்கு முன்பே, மண்ணுக்கு அடியில் நஷ்டம் தொடங்கிவிடுகிறது.

அப்படியும் மழை வரவில்லை என்றால்? சோயா கடுமையான முடிவு எடுக்கும். அடியில் உள்ள முதிய இலைகளை மஞ்சளாக்கி, அவற்றில் உள்ள சத்தை எடுத்துக்கொண்டு உதிர்த்துவிடும். பூக்களை உதிர்க்கும். பிஞ்சுகளை உதிர்க்கும். பத்துப் பிள்ளைகளையும் பட்டினி போடுவதைவிட நாலு பேருக்காவது சோறு போடலாம் என்ற கணக்கு!

மழை வந்தாச்சு!

இப்போது வானம் இருண்டு, மழை கொட்டுகிறது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. செடிக்குள் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் சில மணி நேரம்: வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது. சைலம் என்ற மெல்லிய குழாய்கள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறுகிறது. துவண்டு கிடந்த செல்களில் தண்ணீர் நிறைந்து, காற்றடித்த சைக்கிள் டியூப் போல விறைக்கின்றன. இலை நிமிர்கிறது. உங்கள் காசித்தும்பை நிமிர்ந்ததும் இப்படித்தான்.

முதல் இரவு: வெயில் இல்லை, ஆவியாவது குறைவு. செடிக்கு இதுதான் நல்ல நேரம். உடம்பு முழுக்கத் தண்ணீரை நிரப்பிக்கொள்கிறது.

அடுத்த சில நாட்கள்: இலை நிமிர்ந்துவிட்டதே, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கதவு இன்னும் முழுக்கத் திறக்கவில்லை! அப்சிசிக் அமிலம் உடனே காலியாவதில்லை. ஒரு மழையை நம்பிக் கதவைத் திறந்துவிட்டால், மறுபடி வெயில் அடித்தால் என்ன செய்வது? அதனால் மெதுவாகத்தான் திறக்கும். வெயிலில் பழுதான சமையல் கருவிகளையும் செடி பழுது பார்க்க வேண்டும். காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு முதல் நாள் கஞ்சி, பிறகுதான் சோறு. சோயாவுக்கும் அப்படித்தான். வாட்டம் லேசாக இருந்தால் சமையல் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். வாட்டம் கடுமையாக இருந்தால் அதிக நாள் ஆகும். முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

அதற்குப் பிறகு: வேர் முடிச்சுகள் விழித்துக்கொள்கின்றன. லேசாகக் காய்ந்தவை மீண்டும் வேலைக்கு வரும். ஒரேயடியாகக் காய்ந்து செத்தவை வரா. புது முடிச்சுகள் உருவாக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

திரும்ப வராதவையும் உண்டு. மஞ்சளாகி விழுந்த இலை திரும்ப ஒட்டாது. உதிர்ந்த பூவும் பிஞ்சும் திரும்ப வரா. ஆனால், சோயாவிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. அது ஒரே நாளில் எல்லாப் பூவையும் பூத்துவிடாது. சில வாரங்களுக்கு விட்டு விட்டுப் பூக்கும். மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில்கூட அதன் பூக்களில் பாதிக்கும் மேல் உதிர்ந்துதான் போகும். அவ்வளவு தாராளமாகப் பூத்து வைப்பது இது போன்ற கெட்ட நாளுக்காகவும்தான். முதல் வாரப் பூக்கள் போனாலும், மழை வந்த பிறகு பூக்கும் பூக்கள் காயாகிவிடும்.

செடிக்கு ஞாபகம் இருக்குமா?

ஒரு முறை தாகத்தில் தவித்த செடி, அடுத்த முறை இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளுமா? அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதை அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடியில் சோதித்தார்கள். வாட விட்டு, தண்ணீர் கொடுத்து, மறுபடி வாட விட்டார்கள். ஏற்கெனவே வாடிய அனுபவம் உள்ள செடிகள், அனுபவம் இல்லாத செடிகளைவிட மெதுவாகத் தண்ணீரை இழந்தன. சில மரபணுக்கள் இரண்டாவது முறை இன்னும் வேகமாக வேலை செய்தன. 2012-இல் இதை வெளியிட்டார்கள். மூளையே இல்லாத செடிக்கு ஞாபகம்! ஆனால், அது நீண்ட நாள் இருப்பதில்லை. தொடர்ந்து தண்ணீர் கிடைத்தால் சில நாட்களில் மறந்துவிடுகிறது. பரீட்சை முடிந்ததும் நாம் மறப்பது போல!

கஞ்சனான சோயா

எல்லா சோயாவும் ஒரே மாதிரி வாடுவதில்லை. 1980-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில், அந்நாட்டு வேளாண் துறை விஞ்ஞானி தாமஸ் கார்ட்டர் பல நாட்டு சோயா வகைகளை வறட்சியில் வளர்த்துப் பார்த்தார். மற்ற செடிகள் எல்லாம் தொங்கிப்போன நிலையிலும் சில வகைகள் மட்டும் தாமதமாக வாடின. அவற்றில் ஒன்று ஜப்பானிலிருந்து வந்த நாட்டு ரகம். அதை விஞ்ஞானிகள் 416937 என்ற எண்ணால் அழைக்கிறார்கள்.

அதன் ரகசியம் என்ன? வேறு சில விஞ்ஞானிகள் 2008-இல் கண்டுபிடித்தார்கள். அதன் இலைக்குள் தண்ணீர் ஓடும் வேகம் குறைவு. காற்று மிகவும் வறண்டிருக்கும் உச்சி வேளையில், மற்ற சோயாக்கள் தண்ணீரை வாரி இறைக்கும்போது, இது ஓர் அளவுக்கு மேல் செலவு செய்யாது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே சிக்கனம்! அதனால் மழை நின்ற பிறகும் அதன் காலடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும். மழை தாராளமாகப் பெய்யும் ஆண்டில் இந்தக் கஞ்சத்தனத்தால் விளைச்சல் சற்றுக் குறையலாம். வறண்ட ஆண்டில் அதுவே காப்பாற்றும். இந்த ஜப்பான் ரகத்தின் குணத்தை வைத்து அமெரிக்காவில் புதிய ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

அர்ஜென்டினாவில் வேறு வழி. அந்நாட்டு விஞ்ஞானி ரக்கேல் சான் குழுவினர் சூரியகாந்திச் செடியிலிருந்து வறட்சியைத் தாங்க உதவும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு உருவான சோயாவுக்கு 2015-இல் அங்கே அனுமதி கிடைத்தது. இந்தச் சோயா, தண்ணீர் குறைந்ததும் அவசரப்பட்டு முதுமை அடைந்துவிடாமல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

நம் நாட்டில் சோயாவுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இந்தூரில் 1987 முதல் இருக்கிறது. வயலை அகலமான மேட்டுப் பாத்திகளாகவும் நடுவில் வாய்க்கால்களாகவும் அமைத்து விதைக்கும் முறையை அங்கே பரிந்துரைக்கிறார்கள். மழை அதிகமானால் வாய்க்கால் வழியே வடிந்துவிடும். மழை குறைந்தால் வாய்க்காலில் இறங்கிய தண்ணீர் மண்ணில் ஈரமாகத் தங்கும். செடிகளுக்கு நடுவே வைக்கோலையும் பயிர்க் கழிவையும் பரப்பி வைத்தால், மண் சூடாகாது. ஈரமும் சீக்கிரம் போகாது.

புதிருக்கு விடை

சரி, உங்கள் கிணற்றுத் தண்ணீரை எப்போது பாய்ச்ச முடிவு செய்தீர்கள்?

(அ) என்றால்: செடி சின்னதாக இருக்கும்போது வந்த வாட்டத்தை அது பெரும்பாலும் சமாளித்துவிடும். வளர்ச்சி கொஞ்சம் குறையும். ஆனால், வேர் ஆழமாகப் போகும். பிறகு மழை வந்தால் இழந்ததைப் பிடித்துவிடலாம்.

(ஆ) என்றால்: பூ உதிரும். ஆனால், பிறகும் பூக்கும். ஓரளவு ஈடுகட்டலாம்.

(இ) என்றால்: சபாஷ்! இதுதான் சரியான விடை. காய்க்குள் மணி பிடிக்கும் நேரத்தில் வறட்சி வந்தால், இனிப் புதிதாகப் பூக்க நேரம் இல்லை. இலைகள் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். காய் இருக்கும், உள்ளே மணி சிறுத்துச் சுருங்கிப் போயிருக்கும். அதற்குப் பிறகு ஆறு போல மழை கொட்டினாலும் சுருங்கிய மணி பெருக்காது.

2023 ஆகஸ்ட்டுக்கு இப்போது திரும்பி வாருங்கள். செப்டம்பரில் வந்த அதே மழை எல்லா வயலுக்கும் ஒரே பலனைத் தரவில்லை என்பது உங்களுக்கே புரியும். அப்போது இன்னும் பச்சை இலையோடு, மணி பிடித்துக்கொண்டிருந்த செடிக்கு அது அமுதம். இலை கொட்டி முடித்த செடிக்கு அது வெறும் தண்ணீர். விவசாயிகள் மழை எவ்வளவு பெய்தது என்பதோடு, எந்த வாரம் பெய்தது என்றும் ஏன் கவலைப்படுகிறார்கள் என்று தெரிகிறதா?

செய்து பாருங்கள்!

தேவை: மூன்று தொட்டிகள், மண், தட்டைப்பயறு. (சோயாவும் போடலாம். ஆனால், சோயா விதை பழசானால் முளைக்காது. சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும்.)

1. மூன்று தொட்டியிலும் ஒரே அளவு மண் போட்டு, இரண்டு இரண்டு செடி வளருங்கள். மூன்று வாரம் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

2. பிறகு முதல் தொட்டிக்கு வழக்கம் போலத் தண்ணீர். மற்ற இரண்டுக்கும் நிறுத்திவிடுங்கள். மழையில் நனையாத, வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

3. தினமும் காலை 7 மணிக்கும், பகல் 2 மணிக்கும் பாருங்கள். இலை எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு தொங்குகிறது என்று நோட்டில் படம் போடுங்கள்.

4. பகலில் தொங்கி, காலையில் தானாக நிமிர்ந்தால் செடி இன்னும் சமாளிக்கிறது என்று பொருள். அந்த நிலையிலேயே இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

5. மூன்றாவது தொட்டியை விட்டுவிடுங்கள். ஒரு நாள், காலையிலும் இலை நிமிராது. அது அபாய மணி! அன்றைக்கு அதற்கும் தண்ணீர் ஊற்றுங்கள்.

6. எது எத்தனை மணி நேரத்தில் நிமிர்கிறது? எந்தெந்த இலை நிமிரவே இல்லை? இரண்டு வாரம் கழித்து மூன்றில் எது உயரம்? எழுதி வைத்து அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வாடிய செடி பாவம் என்று வாளி வாளியாகக் கொட்டாதீர்கள். மண்ணில் காற்றுக்கு இடம் இல்லாமல் போனால் வேர் மூச்சுத் திணறிவிடும். தொட்டியின் அடி ஓட்டை வழியே தண்ணீர் கசியும் வரை ஊற்றினால் போதும்.

என்ன குட்டீஸ், அடுத்த முறை தட்டில் மீல் மேக்கர் வந்தால், அதை அப்படியே ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். வெயிலில் வாயை மூடி, இலையைத் திருப்பி, பூவைத் தியாகம் செய்து, ஒரு மழைக்காகக் காத்திருந்த செடியின் விதை அது. அந்த மழைக்காக அதன் பக்கத்திலேயே நின்று வானம் பார்த்த ஒரு விவசாயியின் உழைப்பும் அதில் இருக்கிறது!